அப்பாவின் மோரிஸ் மைனர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அப்பாவிடம் 1959ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000 கார் ஒன்று இருக்கிறது. பதினெட்டு வருடமாக ஷெட்டிலேயே நிற்கிறது. போன மாதம் பேட்டரி மாற்றிப் புது பெட்ரோல் ஊற்றியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. அப்பாவுக்கு 74 வயது. அவரையும் என் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பத்து நாளில் 2000 கிலோமீட்டர் போய்வர ஆசை. ஐந்து மாதம் இருக்கிறது. முதலில் பெயின்ட், சீட் வேலையை முடிக்கவா, என்ஜினைப் பிரிக்கவா?

கே.

அன்புள்ள கே.,

இரண்டும் வேண்டாம். முதலில் பிரேக்.

உங்கள் காரில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் பாதைதான். ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நான்கிலும் பிரேக் போய்விடும். மிஞ்சுவது ஹேண்ட்பிரேக், அதுவும் கேபிள் வழியாகப் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். என் முதல் பழைய காருக்கு நான் பெயின்ட்டைத்தான் முதலில் அடித்தேன். மூன்றாவது வாரம் ஒரு மலை இறக்கத்தில் பெடல் தரைவரை போய்விட்டது. பின்சீட்டில் என் மகள். கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். யாருக்கும் அடியில்லை. ஆனால் பெடல் வெறுமனே அமுங்கிய அந்த உணர்வு இன்னும் என் காலில் இருக்கிறது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற தரத்தில் வரும் புது பிரேக் ஆயில் 205 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்கும். நான்கு சதவீதத்துக்கும் குறைவான நீர் சேர்ந்தாலே அந்தத் தாங்கும் அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் சூடேறி ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேரும். பெடலை மிதித்தால் ஆவிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. அதே ஈரம் பதினெட்டு வருடத்தில் பிரேக் சிலிண்டர்களுக்குள் துருவையும் ஏற்றியிருக்கும். அதனால் பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர், அந்த அழுத்தத்தால் சக்கரத்தில் பிரேக்கை இயக்கும் வீல் சிலிண்டர்கள், ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாமே புதிதாகப் போடுங்கள். ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே உப்பி அடைத்திருக்கும். மைனரில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில், சேஸிஸ் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கழற்றுவது சிரமம் என்று யாராவது விட்டுவிடப் பார்த்தால் சம்மதிக்காதீர்கள்.

அடுத்தது முன்சக்கரத்தைத் தாங்கும் டிரனியன். இது மரையில் திரும்பும் மூட்டு. கிரீஸ் வற்றி மரை தேய்ந்தால், ஒருநாள் சக்கரம் மடிந்து காரின் முன்மூலை தரையில் உட்கார்ந்துவிடும். மைனர் வைத்திருப்பவர்கள் 1000 மைலுக்கு ஒருமுறை, அதாவது 1600 கிலோமீட்டருக்கு ஒருமுறை, இங்கே கிரீஸ் அடிப்பார்கள். உங்கள் பயணமே அதைவிட நீளம். கிரீஸ் கன் கூடவே வரட்டும்.

என்ஜினைப் பிரிக்கும் முன் கம்ப்ரஷன், அதாவது என்ஜின் சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். நான்கு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவு, அதுவும் நல்ல அளவு இருந்தால் அதன் பாட்டுக்கு விட்டுவிடலாம். ரேடியேட்டரையும் என்ஜின் பிளாக்கையும் துரு போகும்வரை கழுவுங்கள். பெட்ரோல் ஹோஸ், ஃபேன் பெல்ட், டயர் எல்லாம் புதிது. ஒயரிங்கில் ஒன்று மட்டும் முக்கியம்: இந்தக் காரில் பாடியோடு இணைவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. யாரும் மாற்றி அமைக்கவில்லை என்றால் அப்படித்தான் இருக்கும். இது தெரியாமல் போன் சார்ஜருக்கு ஒயர் இழுத்தால் எரிந்துபோகும்.

அப்புறம், உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மூன்று முனை சீட் பெல்ட்டை வால்வோ கொண்டுவந்ததே 1959இல்தான். உங்கள் காருக்கும் அதே வயது, அதில் பெல்ட் இருக்காது. பெல்ட் மாட்டும் இடத்தில் தகட்டை வைத்து பலப்படுத்தித்தான் பொருத்த வேண்டும். துருப்பிடித்த தரையில் அடித்த போல்ட் எதையும் தாங்காது. முன்னால் இரண்டு பேருக்கு இதைச் செய்துவிடலாம். பின்னால் மூன்று பேருக்கு, அதுவும் பிள்ளைகளுக்குச் சரியாக, அமைப்பது கடினம். முடியவில்லை என்றால் உங்கள் மனைவியும் பிள்ளைகளும் இன்னொரு காரில் பின்னால் வரட்டும். சாமான்களும் அதில் வந்தால் மைனரின் பிரேக்குக்கும் சுமை குறையும். நீங்களும் அப்பாவும் மைனரில் போங்கள். நான் இருந்தால் இப்படித்தான் செய்வேன்.

ஐந்து மாதத்தில் மூன்று மாதம் வேலைக்கு, இரண்டு மாதம் ஓட்டிப் பார்ப்பதற்கு என்று வையுங்கள். 20 கிலோமீட்டர், 50, அப்புறம் 100. ஒவ்வொரு முறையும் நிறுத்தி இறங்கி நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் சூடு அதிகமாக அடித்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மொத்தம் 500 கிலோமீட்டராவது வீட்டைச் சுற்றி ஓடாமல் கிளம்ப வேண்டாம். அதில் வெளிவராத கோளாறு குறைவு.

இந்த ஓட்டங்களில் அப்பாவை முன்சீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று அடித்து, மெதுவாகி, நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது டேங்க் காலி. அந்தச் சத்தம் அவர் காதுக்குப் பழகியது. உங்களுக்கு முன் அவர் கண்டுபிடிப்பார்.

முதல் நூறு கிலோமீட்டர் முடிந்ததும் எழுதுங்கள். எந்தச் சக்கரம் சூடாக இருந்தது என்றும்.