கசப்பு: கேட்டவர்களுக்குப் பதில்

உணவு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கசப்பைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையவே வந்துவிட்டன. பதிலுக்கு முன் ஓர் எச்சரிக்கை: கசக்கும் சுரைக்காயைச் சாப்பிடாதீர்கள்.

தேனி வாசகி: பாகற்காயை உப்பு போட்டுப் பிசறிப் பிழிந்தால் கசப்பு எப்படிக் குறைகிறது?

உப்பு காயிலிருந்து நீரை இழுக்கிறது, கசப்பில் ஒரு பங்கு அந்த நீரோடு போகிறது. இது எல்லோருக்கும் தெரிந்த பாதி. மறுபாதி நாக்கில் நடக்கிறது. உப்பிலுள்ள சோடியம் கசப்பு உணர்வையே அடக்கும். 1997இல் ப்ரெஸ்லின், போஷாம்ப் இருவரும் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்கள். கசக்கும் யூரியாவையும் சர்க்கரையையும் கலந்து கொடுத்தபோது இரண்டும் ஒன்றையொன்று அமுக்கின. அதில் சோடியம் உப்பைச் சேர்த்ததும் கசப்பு பின்வாங்கி, இனிப்பு மேலே வந்தது. டிகாக்‌ஷன் கசந்துபோனால் ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்கள். ஒரு சிட்டிகைதான்.

சேலம்: நாக்கின் பின்பக்கம்தான் கசப்பு தெரியும் என்று பள்ளியில் படித்தோமே?

தப்பு. 1901இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வைப் பின்னால் வந்தவர்கள் தவறாகப் புரிந்துகொண்டதில் பிறந்த படம் அது. வேப்பங்கொழுந்தை நாக்கு நுனியில் வையுங்கள், தெரியும்.

கோவை: கணவர் பாகற்காய்க் குழம்பை ரசித்துச் சாப்பிடுகிறார். எனக்கு வாயிலேயே வைக்க முடியவில்லை. நடிக்கிறாரா?

பாவம், நடிப்பாக இருக்காது. 1931இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் கையாண்ட ஒரு பொடி காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் 'ஐயோ கசக்கிறது' என்றார். ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்த வித்தியாசம் பரம்பரையாக வருவது என்று பிறகு தெரிந்தது. நம் நாக்கில் கசப்பை அறியும் ஏற்பிகள் ஏறத்தாழ 25 வகை. ஆளுக்கு ஆள் அவை கொஞ்சம் மாறும். இத்தோடு பழக்கமும் சேரும். சின்ன வயதில் அம்மா கட்டாயப்படுத்தி ஊட்டியிருப்பார்.

மதுரை, திருச்சி, இன்னும் பலர்: பாகற்காய் ஜூஸ் குடித்தால் சர்க்கரை நோய் போய்விடுமா?

போகாது. மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரையோடு ஜூஸும் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். மருத்துவரிடம் கேளுங்கள்.

நெல்லை: சுரைக்காய் ஜூஸ் கொஞ்சம் கசந்தால்...

முதல் வரியிலேயே சொன்னேன். கீழே ஊற்றுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிட்டேசின் என்ற நச்சுப்பொருள், வேக வைத்தாலும் போகாது. வாந்தி, ரத்தப்போக்கு, உயிரிழப்பு வரை போயிருக்கிறது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) அமைத்த நிபுணர் குழுவே கசக்கும் சுரைச்சாறு கூடாது என்று சொல்லியிருக்கிறது. வெள்ளரிக்காய் கசந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

தஞ்சை: மனக்கசப்பு என்கிறோமே, அதற்கும் நாக்குக்கும் உண்மையில் தொடர்பு உண்டா?

இதற்காகத்தான் காத்திருந்தேன். முகத்தில் தொடர்பு உண்டு. 2009இல் ஹன்னா சாப்மனும் சக ஆய்வாளர்களும் ஆட்களுக்குக் கசப்பு நீர் கொடுத்தார்கள், அருவருப்பான படங்களைக் காட்டினார்கள், பணத்தை அநியாயமாகப் பங்கு போடும் ஒரு விளையாட்டையும் ஆட வைத்தார்கள். மூன்றிலும் மேலுதட்டைத் தூக்கும் அதே தசைதான் அசைந்தது. ஆக, அநியாயத்தைக் கண்டால் 'கசக்கிறது' என்பது வெறும் பேச்சில்லை.

ஆனால் அதற்கு மேல் இழுக்காதீர்கள். கசப்பு பானம் குடித்தவர்கள் பிறர் தவறுகளைக் கடுமையாக எடைபோடுகிறார்கள் என்று 2011இல் ஓர் ஆய்வு வந்து பிரபலமானது. 2020இல் பல ஆய்வகங்கள் சேர்ந்து அதையே திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. இன்னமும் மேடையில் அதைச் சொல்கிறார்கள்.

நாக்குக் கசப்பு பழகப் பழகக் குறையும். மனக்கசப்பு அப்படிக் குறையாது. ஜெர்மனி 1990இல் ஒன்றான பிறகு வேலையும் மதிப்பும் இழந்த கிழக்குப் பகுதி மக்களிடம் மைக்கேல் லிண்டன் என்ற மனநல மருத்துவர் இதைக் கவனித்தார். 2003இல் தனி நோய்நிலையாகவே முன்வைத்தார். சோர்ந்து கிடக்கும் அவர்கள், பழிவாங்குவது பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் முகம் மலர்வார்களாம். அவமானப்பட்ட நாள் நேற்று நடந்ததுபோல அப்படியே நிற்கும்.

காரைக்குடி: குறுந்தொகையிலேயே (196) இருக்கிறதே! காதலி கொடுத்தால் வேப்பங்காயும் இனிக்கும். அன்பே கசப்புக்கு மருந்து.

புதுக்கோட்டை: முழுப் பாட்டையும் படியுங்கள் ஐயா. அது தோழி தலைவனைக் குத்திக்காட்டுவது!

காரைக்குடி: வேம்பு இனித்தது பொய்யா?

புதுக்கோட்டை சொல்வதே சரி. மிளைக்கந்தனார் பாட்டு அது. பரத்தையிடம் போய்த் திரும்பியவன் வாசலில் நிற்கிறான். 'அன்று என் தோழி வேப்பங்காய் தந்தால் தேங்கட்டி என்றாய். இன்று பாரியின் பறம்பு மலைச் சுனையில், தை மாதத்துக் குளிர்ந்த நீரைத் தந்தாலும் சுடுகிறது, உவர்க்கிறது என்கிறாய்' என்கிறாள் தோழி. பாட்டின் முதல் பாதியை மட்டும் கல்யாணப் பத்திரிகையில் போட்டால் அன்பே மருந்து என்றுதான் தோன்றும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். அவன் வாயில் இப்போது கசப்பே இல்லை, உவர்ப்புதான். கசந்திருப்பது கதவை மறிப்பவளுக்கு. அவன் என்றைக்கோ சொன்ன சொல்லை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்கிறாள் பாருங்கள்! லிண்டன் கண்டதும் இதைத்தான். மனக்கசப்பு கணக்குப் புத்தகத்தைத் தொலைப்பதே இல்லை.

காரைக்குடி அன்பர் மறுபடி எழுதியிருக்கிறார். வேம்பு அன்று நிஜமாகவே இனித்திருக்கும், நானும் மறுக்கவில்லை. இத்தோடு விடுவோம்.

ஈரோடு: பாகற்காய் ஜூஸ் வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா?

மேலே பார்க்கவும்.

கும்பகோணம்: பிட்லையில் வெல்லம் போடலாமா? மாமியார் கூடாது என்கிறார்.

போடலாம். கால் கிலோ காய்க்கு நெல்லிக்காய் அளவு, புளி நன்றாகக் கொதித்து அடங்கிய பிறகு. மாமியாருக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் போடுங்கள்.