லேடி மக்பெத்துக்கு என்ன நோய்?

கேள்வி: நாடகக் குழு ஒன்றில் நடிக்கிறேன். ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’தில் லேடி மக்பெத் வேடம் எனக்கு. ‘அவளுக்கு ஓ.சி.டி. (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் மனநோய்), கை கழுவுவது அதன் அறிகுறி’ என்கிறார் இயக்குநர். உடன் நடிப்பவர் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) என்கிறார். குழந்தையைப் பறிகொடுத்தவள் என்று ஒரு முன்கதையும் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். நோயை நினைத்துக்கொண்டு நடித்தால் கை மட்டும்தான் நடிக்கிறது. என்ன செய்யலாம்? மனநல மருத்துவர் யாரையாவது பார்த்துப் பேசலாமா?
— ஒரு வாசகி

பதில்: உங்கள் இயக்குநரைக் குறை சொல்ல மாட்டேன், பெரிய பெரிய ஆட்களே செய்த வேலைதான் இது. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டு 1897இல் நண்பர் ஃபிளீஸுக்கு எழுதிய கடிதத்திலேயே கிரேக்க நாடகத்தின் ஈடிபஸையும் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டையும் ஆராயத் தொடங்கிவிட்டார். ஹாம்லெட் பழிவாங்கத் தயங்குவதற்கு ஈடிபஸ் சிக்கலே (தாய்மீது ஆசை, தந்தைமீது பொறாமை) காரணம் என்று ஃபிராய்டின் சீடர் எர்னஸ்ட் ஜோன்ஸ் 1910இல் ஒரு கட்டுரையே எழுதினார். துணைமீது வரும் சந்தேகப் பித்துக்கு, மனைவியைச் சந்தேகித்துக் கொன்ற ஷேக்ஸ்பியர் நாயகன் ஒதெல்லோவின் பெயரை வைத்ததும் மருத்துவ உலகம்தான்.

ஆனால் உங்கள் பாத்திரத்திடம் ஃபிராய்டே திணறினார். 1916இல் எழுதிய கட்டுரையில், குழந்தையின்மைதான் அவளை உடைத்ததா என்று யோசித்துப் பார்க்கிறார். கதை நடக்கும் காலமோ மிகக் குறுகியது. அதற்குள், கொலைக்குத் துணிந்தவள் மனம் உடைந்துபோகும் அளவுக்கு இவ்வளவு பெரிய மாற்றம் எப்படி வந்தது என்று முடிவுசெய்ய முடியவில்லை என ஒப்புக்கொள்கிறார். கடைசியில், கணவனும் மனைவியும் ஒரே மனத்தின் இரு பாதிகளாக இருக்கலாம் என்ற எண்ணத்துக்குப் போய்விடுகிறார். அவருக்கே பிடிபடாதவளை மூன்று நான்கு எழுத்தில் அடைக்க முடியாமல் நீங்கள் தவிப்பதில் வியப்பில்லை.

ஓ.சி.டி. பொருந்தவே இல்லை. அந்த நோயில் கை கழுவுபவர் விழித்திருக்கிறார். தான் செய்வது மிகை என்று பெரும்பாலும் அவருக்கே தெரியும். இவள் தூக்கத்தில் நடந்தபடியே கையைத் தேய்க்கிறாள். அவள் கையில் உண்மையாகவே ஒருநாள் இரத்தம் இருந்தது. பி.டி.எஸ்.டி. சற்று நெருங்கி வருகிறது. நடந்ததை மனம் திரும்பத் திரும்ப நிகழ்த்துவது அதில் உண்டு. எனக்கு அதிலும் ஒரு சங்கடம். அந்தப் பெயரைச் சொன்ன உடனேயே அவள் வெறும் பாதிக்கப்பட்டவளாகிவிடுகிறாள். அரசன் டன்கனைக் கொல்லும்படி கணவனைத் தூண்டியதும், கத்திகளைத் திரும்பக் கொண்டுபோய்த் தூங்கிக்கிடந்த காவலர்கள்மேல் இரத்தத்தைப் பூசியதும் யார்?

ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சியை, நோயின் பெயரை மறந்துவிட்டு, ஒருமுறை மெதுவாகப் படியுங்கள். அவள் கையில் விளக்கு. எப்போதும் பக்கத்தில் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது அவளுடைய கட்டளை என்று பணிப்பெண் சொல்கிறாள். முதல் அங்கத்தில் ‘அடர்ந்த இரவே வா, என் கத்தி தான் உண்டாக்கும் காயத்தைப் பார்க்கக் கூடாது’ என்று இருளைக் கூவி அழைத்தவள் இதே பெண்! கொலை நடந்த இரவில் ‘கொஞ்சம் தண்ணீர் போதும், எல்லாம் போய்விடும்’ என்றவளுக்கு இப்போது அரேபியாவின் வாசனைத் திரவியங்கள் அத்தனையும் போதவில்லை. அதுவரை செய்யுளில் பேசியவள் இங்கே உரைநடையில் துண்டு துண்டாகப் பேசுகிறாள். டன்கனின் இரத்தம், மக்டஃபின் மனைவி, புதைக்கப்பட்ட பாங்கோ, கதவு தட்டும் சத்தம் எல்லாம் வரிசை குலைந்து வருகின்றன. இவற்றில் டன்கன் கொலையில் மட்டும்தான் அவளுக்கு நேரடிப் பங்கு. மக்டஃபின் மனைவி, பாங்கோ கொலைகள் கணவன் செய்வித்தவை. அவற்றையும் அவள் தன் கையிலேயே தேடுகிறாள். நீங்கள் நடிக்க வேண்டியது இதைத்தான்.

அந்தக் காட்சியிலேயே ஒரு மருத்துவர் நிற்கிறார், கவனித்தீர்களா? அவள் சொல்வதைக் குறித்துக்கொள்கிறார். ‘இது என் மருத்துவத்துக்கு அப்பாற்பட்டது, இவளுக்கு மருத்துவரைவிடப் பாதிரியார்தான் தேவை’ என்கிறார். எனக்குத் தெரிந்து, இந்த விவகாரத்தில் மிக நிதானமாக நடந்துகொண்டவர் அவர்தான்.

முன்கதை விஷயத்துக்கு வருகிறேன். ‘லேடி மக்பெத்துக்கு எத்தனை குழந்தைகள்?’ என்று கிண்டலாகத் தலைப்பிட்டு, பாத்திரங்களை நிஜ மனிதர்களாக நினைத்துத் துப்பறியும் விமர்சனத்தை ஆங்கில விமர்சகர் எல்.சி. நைட்ஸ் 1933இல் சாடினார். விமர்சகருக்கு அது சரி. நடிப்பவர் அப்படி இருக்க முடியாது. ஏதாவது ஒரு கடந்த காலத்தைப் பிடித்துக்கொண்டுதான் மேடையேற வேண்டும். அதை நாடகத்திலிருந்தே எடுங்களேன். தான் பாலூட்டியிருப்பதாக அவள் சொல்கிறாள். அந்தக் குழந்தை என்னவானது என்று நாடகம் சொல்லவில்லை. ஆனால் இன்னொரு வரி இருக்கிறது: தூக்கத்தில் டன்கன் என் தந்தையைப் போல இல்லாதிருந்தால் நானே செய்து முடித்திருப்பேன் என்கிறாள். அவ்வளவு திடமாகத் திட்டமிட்டவள் ஒரு கிழவரின் முகத்தைப் பார்த்து அங்கே நின்றுவிட்டிருக்கிறாள். நீங்கள் கற்பனை செய்யும் எந்தச் சோகத்தையும்விட இது வலுவானது.

இயக்குநரிடம் கோட்பாடு பேசிச் சண்டை போடாதீர்கள். அடுத்த ஒத்திகையில் விளக்கைக் கீழே வைக்க மனம் வராதவளாகக் காட்சியைச் செய்து காட்டுங்கள். கையைத் தேய்க்க வேண்டும், விளக்கையும் விடக் கூடாது. இந்த இழுபறியில் உடம்பு தானாக வேலை செய்யும். அவர் கண்ணுக்கு அது படாமல் போகாது.

மனநல மருத்துவரைத் தாராளமாகப் பாருங்கள். ‘இவளுக்கு என்ன நோய்?’ என்று மட்டும் கேட்க வேண்டாம். தூக்கத்தில் நடப்பவரின் கண் எங்கே பார்க்கும், நடை எப்படி இருக்கும், குரல் எவ்வளவு எழும், யாராவது குறுக்கே வந்தால் என்ன செய்வார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.