மலையில் டீசல் டேங்கின் அடியில் கசடு ஏன் சேர்கிறது?

கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலை நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஜெனரேட்டர் டீசல் டேங்கில் கறுப்பாகக் கசடு சேர்கிறது, ஃபில்டர் அடிக்கடி அடைக்கிறது, என்ன செய்வது?

முதல் எதிரி தண்ணீர்தான். பகலில் வெயில், இரவில் கடுங்குளிர் என்று மாறும்போது, பாதி காலியான டேங்க் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் குளிர்ந்த தகட்டில் வியர்த்து இறங்கி, டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்கும். டீசலும் தண்ணீரும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். வழவழப்பான கறுப்புப் பிசின் பெரும்பாலும் அவைதான், துருவோடு சேர்ந்து. கச்சா எண்ணெய் டேங்கின் கசடு வேறு வகை: மெழுகு, அஸ்பால்டீன் என்ற தார் போன்ற கனப்பொருள், மணல். அங்கே அவை படியாமலிருக்கப் பெரிய விசிறிகளால் கலக்குவார்கள். நீங்கள் கலக்கினால் கசடு நேராக ஃபில்டருக்குத்தான் போகும்.

சரி, தடுக்க என்ன வழி? டீசல் விரிய இடம் விட்டு டேங்கை நிறைத்தே வையுங்கள். அடிவால்வைத் திறந்து தண்ணீரை அவ்வப்போது வடியுங்கள். பெட்ரோல் பங்கில் அளவுகோலில் தடவும் பேஸ்ட், தண்ணீர் பட்டால் நிறம் மாறும். அதை வாங்கி வையுங்கள்.

சேர்ந்த கசடுக்குக் கிருமிக்கொல்லி மட்டும் போதாது, செத்தவையும் அடியிலேயே கிடக்கும். டீசலை இறைத்துவிட்டு, கசடை வெளியிலிருந்தே உறிஞ்சி எடுங்கள். தயவுசெய்து காற்றைச் சோதிக்காமல் ஆளை உள்ளே இறக்காதீர்கள். ஆக்சிஜன் குறைந்தால் இறங்கியவரும், காப்பாற்றப் போனவரும் சேர்ந்தே சாய்வார்கள்.

அப்புறம், 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படி இந்தக் கசடு அபாயகரக் கழிவு. அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். ஓடையில் விட்டால் அது பவானிக்கோ மோயாற்றுக்கோ போய்ச் சேரும்.