பி மதிப்பு 0.05-க்குக் கீழே: உங்கள் கேள்விகளும் பதில்களும்

முதுகலை மாணவி: "ரத்த அழுத்தம் சிக்னிஃபிகன்ட்டாகக் குறைந்தது" என்றால் நிறையக் குறைந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா சார்?

கூடாது. மருந்துக்கு எந்த விளைவும் இல்லாமலிருந்தால் இந்த அளவோ அதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வருவது அரிது, அவ்வளவுதான். அப்படி வருவதற்கான வாய்ப்புதான் பி மதிப்பு; அது 0.05-க்குக் கீழே இருந்தால் சிக்னிஃபிகன்ட் என்பது வழக்கம். பல்லாயிரம் பேரை அளந்தால் அரை மில்லிமீட்டர் இறங்கினாலே சிக்னிஃபிகன்ட் ஆகிவிடும். எவ்வளவு குறைந்தது, நம்பிக்கை இடைவெளி (தரவோடு ஒத்துப்போகும் மதிப்புகளின் வீச்சு) எதிலிருந்து எதுவரை என்று பாருங்கள்.

செவிலியர் ஒருவர்: மாதவிடாய் நின்றபின் எடுக்கும் ஹார்மோன் சிகிச்சையால் மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடும் என்கிறார்களே?

அது 2002-இல் பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்க ஆய்வு. 16,608 பெண்கள் பங்கேற்றது. ஆண்டுக்கு 10,000 பேரில் போலி மாத்திரை எடுத்தவர்களில் 30 பேருக்கும், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவர்களில் 38 பேருக்கும் புற்றுநோய் வந்தது. கூடுதல் 8 பேர், அதாவது 30-இல் கால் பங்குக்குச் சற்று மேல். 26-உம் பொய்யில்லை, 8-உம் பொய்யில்லை. ஆனால் தலைப்புச் செய்தியில் வருவது எப்போதும் பெரிய எண்தான். அதற்காக எட்டை அலட்சியப்படுத்தவும் முடியாது. பத்து லட்சம் பேர் எடுத்தால் ஆண்டுக்கு 800 பேர்.

ஆய்வாளர்: 20 குறியீடுகளைச் சோதித்தேன், ஒன்றின் பி மதிப்பு மட்டும் 0.03. எழுதலாமா?

20-ஐயும் சோதித்ததைச் சொல்லி எழுதுங்கள். உண்மையில் ஒன்றிலுமே மாற்றம் இல்லாவிட்டாலும், ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளில் ஒன்றாவது 0.05-க்குக் கீழே வர 64 சதவீத வாய்ப்பு உண்டு.

நீர்த்தரக் கண்காணிப்பில் இருப்பவர்: பத்தாண்டுகளில் ஈயம் சிக்னிஃபிகன்ட்டாகக் குறைந்திருக்கிறது. நம்பலாமா?

முதலில் ஆய்வகப் பதிவேட்டைப் பாருங்கள். நடுவில் கருவியை மாற்றினார்களா? பழைய கருவி லிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்குக் கீழே எதையும் காணாது என்று வைத்துக்கொள்வோம். "காணவில்லை" என்று வந்த மாதிரிகளுக்கெல்லாம் வழக்கப்படி பாதியை, அதாவது 1 என்று போட்டிருப்பார்கள். புதிய கருவியின் வரம்பு 0.2 என்றால், அதே தண்ணீருக்கு இப்போது 0.1 விழும். ஆற்றில் ஒன்றுமே மாறவில்லை, அட்டவணையில் மட்டும் பத்தில் ஒரு பங்காகிவிட்டது! பி மதிப்பும் அழகாக வரும். முழுக் காலத்துக்கும் பழைய வரம்பையே வைத்து மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள். அப்புறம், மாத அளவீடுகள் ஒன்றையொன்று சார்ந்தவை, பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குபவை. சாதாரண நேர்கோட்டுப் பொருத்தம் போதாது. ஒவ்வொரு பருவத்தையும் அதே பருவத்தோடு ஒப்பிடும் பருவவாரி கெண்டல் சோதனையை, அளவீடுகளின் சார்பையும் கணக்கில் எடுக்கும் வடிவில் செய்யுங்கள்.

அதே நண்பர்: மீன்களில் பாதரசம் ஆற்றின் மேல்பகுதியில் கூடியது (பி மதிப்பு 0.04), கீழ்ப்பகுதியில் கூடவில்லை (பி மதிப்பு 0.07). சரியா?

இல்லை. இரண்டு இடத்திலும் ஒரே அளவு கூடியிருந்து, கீழே பிடித்த மீன்கள் குறைவாக இருந்தாலும் இப்படித்தான் வரும். இரண்டு உயர்வுக்கும் இடையிலான வித்தியாசத்தை நேரடியாகச் சோதியுங்கள்.