17சி படிவத்தை பத்திரமாக வையுங்கள்

வணக்கம் சார். ஏற்காட்டில் நீங்கள் ஏஜென்டாக இருந்த சாவடியில் 17சி படிவத்தில் (சாவடியில் பதிவான ஓட்டுகளின் கணக்கை எழுதி ஏஜென்டுகளுக்கு நகல் தரும் படிவம்) இருப்பதைவிட எண்ணிக்கையில் 14 ஓட்டு கூடுதல், அஸ்தம்பட்டி கோர்ட்டில் வழக்கு போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சட்டமன்றத் தேர்தல் என்றால் அங்கே போடமுடியாது. தேர்தல் மனுவாக சென்னை உயர்நீதிமன்றத்தில்தான் தாக்கல் செய்யவேண்டும். முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள். ஒரு நாள் தாண்டினாலும் மன்னிப்பு கிடையாது, அதனால் முதலில் காலண்டரைப் பாருங்கள். வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தொகுதி வாக்காளரான நீங்களும் போடலாம்.

அப்புறம் முக்கியமான விஷயம். தவறு நடந்தது என்று காட்டினால் போதாது, அதனால் முடிவே மாறியிருக்கும் என்று காட்டவேண்டும். உங்கள் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 600க்கு மேல் என்கிறீர்கள். இந்த 14 மட்டும் வைத்து நிற்காது. மற்ற சாவடி ஏஜென்டுகளிடமும் 17சி நகல் வாங்கி, படிவம் 20உடன் (சாவடிவாரியாக எண்ணிய ஓட்டுகளைக் காட்டும் இறுதி முடிவுத் தாள்) வரிசையாக ஒப்பிடுங்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் வித்தியாசமே 49 ஓட்டுதான். அங்கே தபால் ஓட்டு உட்பட மறுபடி எண்ணச்சொல்லி உத்தரவு வரவே 2019 ஆகிவிட்டது.

உங்கள் படிவத்தில் தலைமை அலுவலர் கையெழுத்து தெளிவாக இருக்கிறதா? அதை இன்றைக்கே ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.