அவளை எங்கள் பிள்ளையாகவே வளர்ப்பது தவறா?

கேள்வி: லண்டன் டூட்டிங்கில் வசிக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம் நாங்கள். நைஜீரிய யொரூபாத் தாயின் ஏழு வயது மகளை, நீதிமன்றப் பராமரிப்பு உத்தரவின் பேரில் வளர்த்து வருகிறோம். என்னை அம்மா என்றே அழைக்கிறாள். கோயிலுக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் ஆசையாக வருகிறாள். சமூகப் பணியாளரோ, தேவாலயத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள், தலைமுடியைத் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள் என்கிறார். எங்கள் அன்பு போதாதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அன்பை அவர் சந்தேகிக்கவில்லை. பராமரிப்பு உத்தரவு இல்லாதிருந்தால் ஒரு பிள்ளை எந்தச் சமயத்தில் வளர்ந்திருக்குமோ, அதைவிட்டு வேறொன்றில் வளர்க்க 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் உள்ளூராட்சி மன்றத்தையே அனுமதிப்பதில்லை. தத்தெடுப்பில் இனத்தையும் பண்பாட்டையும் கட்டாயம் கருத வேண்டும் என்ற விதியை இங்கிலாந்து 2014இல் நீக்கியது உண்மைதான். ஆனால் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளுக்கு அக்கடமை இன்றும் இருக்கிறது. உங்களுடன் அவள் திருவிழா பார்க்க வருவதில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. அவளைச் சைவப் பிள்ளையாக ஆக்குவதுதான் உங்கள் உரிமைக்கு அப்பாற்பட்டது.

தலைமுடியை நீங்கள் சிறு விஷயமாக எண்ணுவதாகத் தோன்றுகிறது. இறுகிச் சுருண்ட முடியை நம் வழக்கப்படி உலர்ந்தபடியே வாரினால் முடியும் முறியும், பிள்ளையும் அழும். அதை ஈரமாக்கி, கண்டிஷனர் தடவி, பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து சிறிது சிறிதாகச் சிக்கெடுக்க வேண்டும்; இரவில் சாட்டின் தொப்பி அணிவிக்க வேண்டும். பெக்கமின் ரை லேனில் பின்னல் போடும் கடைகள் பல உண்டு. அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்போது, தன்னைப் போன்ற முகங்களையும் தன் தாயின் பேச்சையும் ஒத்த சூழல் அவளுக்குக் கிடைக்கும். அதை நீங்கள் எவ்வளவு முயன்றாலும் வீட்டில் உருவாக்க இயலாது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். கறுப்பினத்தவரை இழிவாகக் குறிக்கும் 'காப்பிலி' என்ற சொல் நம்மவர் வீட்டு விசேஷங்களில் கூச்சமின்றிப் புழங்குகிறது. அவளுக்குத் தமிழ் கற்பிக்கிறீர்கள். இனி அது அவளுக்கு விளங்கும். சொல்பவர் மூத்தவராயினும், அவள் முன்னிலையிலேயே நிறுத்துங்கள்; பிறகு தனியே சமாதானம் சொல்வது அவளுக்கு உதவாது.

அடுத்த சந்திப்பின்போது, சமூகப் பணியாளர் வழியாக அவள் தாயிடம் கேளுங்கள்: தாலாட்டாக எதைப் பாடினார், ஜொலோஃப் சோற்றை எப்படிச் சமைப்பார், மகளுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள். பதில்களை அவளுடைய வாழ்க்கைக் கதைப் புத்தகத்தில் (பராமரிப்பில் உள்ள பிள்ளை தன் பிறப்பையும் குடும்பத்தையும் அறிந்துகொள்ளத் தொகுக்கும் ஏட்டில்), அவளையும் உடன் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.