கண்மாய் மீனை ஊரே சேர்ந்து பார்த்துக்கொள்வது லாபமா, குத்தகைக்கு விடுவது லாபமா?

கைக்கு வரும் பணத்தை மட்டும் பார்த்தால் குத்தகைதான். வெளியூர் வியாபாரி பெரும்பாலும் ஊர்க்காரர்களைவிடக் கூட்டித்தான் ஏலம் கேட்பார். அந்தக் கூடுதல் பணத்துக்கு நாங்கள் என்ன விலை கொடுத்தோம் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் மாசி, பங்குனி வரை தண்ணீர் கிடக்கும். கட்லா, ரோகு ஒரு கிலோ எட்ட ஏறக்குறைய ஒரு வருடம் வேண்டும். எங்களுக்குக் கிடைப்பதோ ஐந்தாறு மாதம். அதனால் குத்தகைக்காரருக்கு எல்லாமே அவசரம். ஒரு வருடம் மீன்பாசி ஏலம், அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை, எடுத்தவர், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ராவோடு ராவாக மடையைத் திறந்துவிட்டார். தண்ணீர் குறைந்தால்தானே வலை போடத் தோது? விடியற்காலம் போய்ப் பார்த்தால் வாய்க்கால் நிரம்பி, கடைசி வயலும் தாண்டி ஓடையில் விழுகிறது. அந்த வருடம் சித்தப்பா வயலில் பாதி பதர். அந்த ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கணக்கில் மீன் உண்டு, நெல் கிடையாது.

மறுவருடம் ஊர்ப் பொதுவுக்காக ஒருவர் பேரில் நாங்களே ஏலம் எடுத்தோம். மடையைத் திறப்பதும் அடைப்பதும், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஆளான நீர்பாய்ச்சியின் பொறுப்பு. விரால் தின்றுவிடாத அளவுக்குப் பெரிய குஞ்சாக வாங்கி விட்டோம். வீட்டுக்கு ஒரு ஆள் முறைக்காவல். திருட்டு வலை போட்டால் வலையும் போகும், தண்டமும் உண்டு. மீன் விற்ற காசில் மடை மராமத்தும் நீர்பாய்ச்சி கூலியும் போக, மிச்சம் கோவிலுக்கு.

பொதுச் சொத்து என்றால் ஆளாளுக்கு அள்ளி அழித்துவிடுவார்கள் என்று 1968இல் அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதினார். காவலே இல்லாத இடத்துக்கு அது சரி. எடுக்கிறவர்களே விதி வகுத்துக் காவலும் காத்தால் அது நிலைக்கும் என்று பல நாட்டு உதாரணங்களோடு காட்டிய அமெரிக்க அரசியல் அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

ஆனால் 'ஊர்' என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் நிலம் உள்ளவர்களைத்தான். மடையைச் சரிசெய்தால் நிலமில்லாதவருக்கு என்ன வந்தது? அவர்களுக்கென்று இருப்பது, தண்ணீர் வற்றும்போது கடைசி மீனை ஊரே இறங்கிப் பிடிக்கும் அழிகண்மாய் ஒன்றுதான். பெரியவர் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா என்கிற மீன்பிடிக் கருவிகளோடு எல்லோரும் இறங்கலாம், பிடித்தது அவரவருக்கு. ஒரு கூட்டத்தில், அதை நிறுத்திவிட்டு கடைசி மீனையும் எடை போட்டு விற்கலாம் என்று பேச்சு வந்தது. எங்கள் தெருப் பெரியம்மா ஒருத்தி, "அப்ப ராத்திரிக் காவலுக்கு எம் மகன் எதுக்கு வரணும்?" என்று கேட்டாள். அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்கள்.